கல்லுக்கு வந்த தேமல்

வாங்க பிள்ளைங்களா, இப்பிடி வேப்ப நெழல்ல உக்காருங்க. பையை அந்தக் கட்டை மேல வையி தம்பி, கீழ எறும்புப் புத்து இருக்குது. மோர் கொண்டாரச் சொல்லியிருக்கறன். உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். எங்க வீட்டுக் கெழவிக்குக் கை நடுக்கம், உப்பு போடும்போது மட்டும்.

அப்ப நீங்க லைக்கன் கணக்கெடுக்க வந்திருக்கீங்க. ரொம்ப நல்லது. ஆடு மாட்டைக் கணக்கெடுத்துட்டாங்க. வீடு வீடா வந்து கக்கூஸைக் கணக்கெடுத்துட்டாங்க. தலையை எண்ணி, ஓட்டை எண்ணி, ரேஷன் கார்டையும் எண்ணியாச்சு. திருவக்கரையில எண்ணாம பாக்கி இருந்தது பாறை மேல படிஞ்ச படை ஒண்ணுதான். அதுக்கும் ரெண்டு பேர் வந்துட்டீங்க. பாறைங்க இனிமே நிம்மதியாத் தூங்கும்.

கோச்சிக்காதம்மா. எழுபத்தஞ்சு வயசுக்காரன் வாய் சும்மா இருக்குமா? நான் ஆடு மேய்ச்சவன், எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனா உங்களுக்கு முந்தி வந்தவங்களுக்கெல்லாம் பை தூக்கியிருக்கறன். பையைத் தூக்கினது தோளு. காது சும்மாத்தான இருந்தது? அவங்க மறந்துட்டுப் போன புத்தகம் ஒண்ணு பரண்ல கிடக்குது. பேத்தி படிச்சுத் தமிழ்ல சொல்லுவா. அதனால நடுநடுவுல நான் வெள்ளைக்காரன் பேர் எதனா சொன்னா மயங்கி விழுந்துடாதீங்க.

என்னா கேட்ட தம்பி? மலை எங்கயா? அடேய், நீ உக்காந்திருக்கறதே மலை மேலதான்.

செஞ்சிக் கோட்டையைப் பாத்துட்டு வந்த கண்ணுக்கு இது மேடாத்தான் தெரியும். செஞ்சி கருங்கல்லு, தலையை நிமித்திக்கினு நிக்கும். இது மணக்கல்லு. ஆறு அள்ளிக்கினு வந்து கொட்டின மணல், இரும்புச்சத்துல ஒட்டிக்கினு இறுகிப்போனது. ஒரு எடத்துல சிவப்பு, ஒரு எடத்துல மஞ்சள், ஒரு எடத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. கடலூர் மணற்கல்லுனு இதுக்குப் பேரு. கடலூர்ல கேப்பர் மலைனு பேரு வச்சுக்கினு நிக்கறதும், ஆரோவில் பக்கம் மழைத்தண்ணி அறுத்துப்போட்ட செம்மண் பள்ளமும், நெய்வேலியில பழுப்பு நிலக்கரி மேல போர்த்திக்கினு கிடக்கறதும் இதே வம்சம். உசரத்தை வச்சு எங்க மலையை எடை போடாத. அகலத்தைக் கேட்டுட்டுப் பேசு.

சரி, வேலையை எங்க ஆரம்பிப்பீங்க? பேனாவை எடுக்காத, கையை எடு. உள்ளங்கையால பாறையைத் தடவிப் பாரு. மணல் உதிர்ந்துதா? அந்தப் பாறை தோலை உரிச்சுப் போட்டுக்கினே இருக்குது. தோல் உரியறவன் மேல தேமல் எங்க நிக்கும்? லைக்கன் பாவம், ஆமை நடை நடக்கற சீவன். அது நாலு விரக்கடை பரவறதுக்குள்ள வீடே காலடியில கொட்டிப்போவும். இரும்பு ஏறிச் செம்புறாங்கல் மாதிரி கெட்டிப்பட்ட பாறை இருக்கும், தட்டினா கணீர்னு பேசும். அங்க போய்த் தேடு. மணக்கல்லுக்கு ஒரு நல்ல கொணமும் உண்டு. மழைத்தண்ணியைக் குடிச்சு உள்ள வச்சுக்கும். கருங்கல்லு காஞ்சு சுட்ட பிறகும் இது நிழல் பக்கத்துல ஜில்லுனு இருக்கும். ஆக, தண்ணி உண்டு, வீடு நிலையில்ல. பட்டணத்துல உங்களுக்கு ரெண்டுமே இல்லனு கேள்வி.

அண்டார்டிகாவுல இதே மாதிரி மணக்கல்லுல லைக்கன் ஒரு தந்திரம் பண்ணியிருக்குது. வெளிய குளிரும் காத்தும் தாங்கல. கல்லுக்குள்ளயே, மணலுக்கு மணல் நடுவுல இருக்கற சந்துல குடி போயிடுச்சு. ஃப்ரீட்மன்னு ஒருத்தர் கல்லை உடைச்சுப் பாத்தாரு. தோலுக்குக் கீழ கறுப்பு, வெள்ளை, பச்சைனு வரி வரியா இருந்ததாம். 1982ல எழுதியிருக்காரு. நம்ம வெயிலுக்கும் யாராவது உள்ள பூந்திருக்காங்களானு பாருங்க. ஆனா உடைக்க வேணாம். தானா உதிர்ந்து கிடக்கற துண்டு ஆயிரம் இருக்குது.

அந்தப் பாரத்தைக் கொஞ்சம் காட்டும்மா. கண்ணாடி எங்க வச்சன்... ஆங். "வளரும் இடம்: கல், மரப்பட்டை, மண், இலை." நாலுல ஒண்ணுல டிக் போடணும், அப்பிடித்தான? நல்லா கட்டம் போட்டிருக்காங்க. எழுந்து வாங்க என் பின்னால. மோர் எங்கயும் ஓடிப்போவாது.

இதோ, வேலிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்குது பாரு, கல்மரம். நார் ஓடற வாட்டம் தெரியுதா? கணு தெரியுதா? கோடாலி எடுத்துப் பொளந்து அடுப்புக்குப் போடலாம்னு கை ஊறுதா? போட்டுப் பாரு, கோடாலிதான் ரெண்டாவும். 2 கோடி வருசத்துக்கு முந்தின மரம்னு சொல்றாங்க. வேரும் இல்ல, கிளையும் இல்ல, இலையும் இல்ல. எங்கயோ நின்ன மரத்தை வெள்ளம் உருட்டிக்கினு வந்து இங்க மணல்ல பொதைச்சுட்டுது. பொதைஞ்ச எடத்துல மரம் கொஞ்சம் கொஞ்சமா விலக, சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமா வந்து உக்காந்துக்கிச்சு. பாகப்பிரிவினையில அண்ணன் வீட்டுல தம்பி நுழையற மாதிரி, சத்தமே இல்லாம. 1781ல சொன்னெரானு ஒரு பிரெஞ்சுக்காரர் இதைப் பாத்து எழுதி வச்சாரு. எழுதத் தெரிஞ்சிருந்தா எங்க பாட்டி அவருக்கு முந்தியே எழுதியிருப்பா: இது வக்கராசுரன் எலும்பு, பெருமாள் வதம் பண்ணிப் போட்டதுனு. ரெண்டுல எது சரினு என் வாயைக் கிண்டாத. வக்கரகாளி கோயில் கூப்பிடற தூரத்துல இருக்குது, நான் இங்கயே குடியிருக்கணும்.

இப்ப சொல்லு. இந்தக் கல்மரத்து மேல லைக்கன் ஒண்ணு ஒட்டியிருந்தா எந்தக் கட்டத்துல டிக் போடுவ?

பாத்தியா, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறீங்க. போன முறை வந்த பையன் ரெண்டு கட்டத்துலயும் டிக் போட்டுட்டான். அவனுக்கு முந்தி வந்தவன் பாரத்தையே மாத்தணும்னு லெட்டர் எழுதினான். என்னாம்மா? சிலிக்காதான, அதனால கல்லுனு போடணுமா? சபாஷ். அதான் சரி. லைக்கனுக்குப் பேரு முக்கியமில்ல, ருசிதான் முக்கியம். பட்டை ருசிக்கு ஒரு கூட்டம் வரும், கல்லு ருசிக்கு வேற கூட்டம் வரும். மரம்னு நாம கூப்பிடறதைக் கேட்டு அது ஏமாந்து வராது. ஏமாறறது மனுசன்தான்.

மனுசன் ஏமாந்ததுக்கு அத்தாட்சி வேணுமா? எங்க அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாரு. கோழிக் குழம்புக்குப் பட்டை, கிராம்போட எண்ணெயில போடுவாளே, கறுப்பும் சாம்பலுமா சருகு மாதிரி, அது என்னா? கல்பாசி. நீங்க லக்னோ வரைக்கும் போய்ப் படிக்கிற லைக்கன் எங்க வீட்டுத் தாளிப்புல இருக்குது. பேரு கல்பாசி; ஆனா கடைக்கு வர்ற சரக்குல பாதிக்கு மேல கல்லையே பாத்திருக்காது. இமயமலைப் பக்கம் ஓக் மரத்துப் பட்டையில இருந்து பிச்சுக்கினு வர்றது. அப்ப கல்லும் பொய்யி. பாசியும் முழு உண்மை இல்ல, அதுல பாசி கொஞ்சம், மிச்சமெல்லாம் காளான். இந்தப் பக்கம் மரமில்லாத கல்மரம், அந்தப் பக்கம் கல்லில்லாத கல்பாசி. ரெண்டுக்கும் நடுவுல நீங்க பேனாவோட நிக்கறீங்க. எனக்கு உங்களைப் பாத்தா பாவமா இருக்குது.

ஒரு யோசனை சொல்றன், கேளு. மலைக்கு வர்றதுக்கு முந்தி உங்க ஊர் அண்ணாச்சி கடையில கல்பாசி பொட்டலம் ஒண்ணு வாங்கி, வெள்ளைத்தாள்ல கொட்டி, லென்ஸை வச்சுப் பிரிச்சுப் பாருங்க. ஒரே சரக்குனு நெனச்சு வாங்கறோம். உள்ள நாலஞ்சு இனம் கலந்து கிடக்கும். விளிம்புல கறுப்பு முடி நீட்டிக்கினு ஒண்ணு, மாவு தூவின மாதிரி ஒண்ணு, அடியில கறுப்பு, மேல சாம்பல்னு ஒண்ணு. அதைப் பிரிக்கத் தெரிஞ்சவன் மலைக்கு வரலாம். பிரிக்கத் தெரியாதவனும் நஷ்டப்பட மாட்டான், குழம்பு வைக்கலாம்.

வாங்க, திரும்ப நெழலுக்கே போவலாம். கால் வலிக்குது.

லைக்கன்னா என்னானு உங்க வாத்தியார் சொல்லியிருப்பாரு. நான் சொல்ற மாதிரி சொல்லியிருக்க மாட்டாரு. அது ஒரு கூட்டுக் குடித்தனம். காளான் வீடு கட்டுவான். சுவரு, கூரை, தரையில பிடிமானம் எல்லாம் அவன் பொறுப்பு. பாசி உள்ள உக்காந்து வெயிலை வாங்கிச் சமைக்கும். சாப்பாடு அவளோடது. ஆனா குடும்ப அட்டையில பேரு யார் பேர்ல இருக்குது தெரியுமா? காளான் பேர்ல. லைக்கனுக்கு நீங்க நீட்டி முழக்கி வைக்கிற ரெட்டைப் பேரெல்லாம் சட்டப்படி அந்தக் காளானுக்கு மட்டும்தான் சொந்தம். ஆக்கிப் போடறவ பேரு எங்கயும் வராது. எங்க வீட்டுக் கெழவி இதைக் கேட்டுட்டு, "இதுல புதுசா என்னா இருக்குது?"னு உள்ள போயிட்டா.

இந்தக் குடித்தனத்தைக் கண்டுபிடிச்சுச் சொன்னவர் ஷ்வெண்டனர்னு ஒரு சுவிட்சர்லாந்துக்காரர். 1867ல சொன்னாரு. காளான் எசமான், பாசி அடிமைனு கொஞ்சம் காரமாவே எழுதிட்டாரு. அன்னிக்கு லைக்கன் படிச்ச பெரிய மனுசங்கல்லாம் அவரைக் கேலி பண்ணாங்க. காலம் பூரா தனி வம்சம்னு கொண்டாடினதை ரெண்டு பேர் கூட்டுனு ஒருத்தன் வந்து சொன்னா எரிச்சல் வராதா? கடைசியில அவர் சொன்னதுதான் நின்னுது. அதுவும் முழுசா நிக்கல. 2016ல ஸ்ப்ரிபில்லேனு ஒருத்தரும் அவரோட கூட்டாளிங்களும் பாத்தா, மேல்தோல்ல ஈஸ்ட் ஒண்ணு மூணாவது ஆளா இருக்குது. அது பங்காளியா, இல்ல ரெண்டு நாள் தங்கிட்டுப் போவ வந்து அங்கயே தங்கிட்ட மச்சானானு இன்னும் பஞ்சாயத்து முடியல.

மோர் வந்துட்டுது. குடிங்க. உப்பு இருக்குதா? நான்தான் சொன்னனே.

இப்ப தேடற வித்தைக்கு வர்றன். புதுசா வர்றவன் பாறையில வெள்ளையா எதைப் பாத்தாலும் விழுந்து கும்பிடுவான். ஒரு பையன் காக்கா எச்சத்தை லென்ஸ் வச்சு அரை மணி நேரம் பாத்தான். படம் எடுத்தான், பக்கத்துல அளவுக்கு அஞ்சு ரூபாய்க் காசு வச்சான், பாரத்துல எழுதினான். நான் வாயைத் திறக்கல. அவன் படிப்பைக் கெடுக்க நான் யாரு? சுண்ணாம்புத் தெறிப்பு, பழைய கட்சிக்காரன் வாசகத்துல மிச்சம், வெத்தலை எச்சி, எல்லாமே தூரத்துல லைக்கன் மாதிரிதான் தெரியும். கறுப்பா மழைத்தண்ணி வடிஞ்ச தாரை இருக்குதே, அதுவும் பல எடத்துல வெறும் நீலப்பச்சைப் பாசிதான். காளானோட குடித்தனம் சேராத ஒண்டிக்கட்டை.

சந்தேகம் வந்தா தண்ணி தெளி. ஊதற பாட்டில் கொண்டு வந்திருக்கயா? கெட்டிக்காரப் பொண்ணு. காஞ்சு சாம்பலாக் கிடக்கறது ஈரம் பட்டதும் பச்சை காட்டும். மேல்தோல் கண்ணாடி மாதிரி தெளிஞ்சு உள்ள இருக்கற பாசி எட்டிப் பாக்கும். காக்கா எச்சத்துக்குத் தண்ணி தெளிச்சா என்னா ஆவும்னு நான் சொல்லத் தேவையில்ல. அப்பவும் நம்பிக்கை இல்லைனா, ஓரத்துல நகத்தால ஒரே ஒரு கீறல், கடுகளவு. கீழ பச்சைக் கோடு தெரிஞ்சா ஆசாமி அவன்தான். லென்ஸைக் கண்ணோட ஒட்டி வச்சுக்கினு, தலையோட சேந்து குனிஞ்சு பாரு. போலீஸ்காரன் துப்பறியற மாதிரி கையை நீட்டிப் புடிக்காத, சினிமாவுலதான் அது சரிப்படும். சின்னச் சின்னக் கிண்ணம் கவுத்த மாதிரி, நிமித்தின மாதிரி இருக்குதா, அது காளான் விதை தூவற எடம். மாவு மாவா இருக்குதா, அது பாசியும் காளானும் சேந்தே ஊரு விட்டு ஊரு போவ மூட்டை கட்டி வச்சது.

இங்க பெரும்பாலும் கல்லோட கல்லா ஒட்டின ஓட்டு வகைதான் கிடைக்கும். இலை மாதிரி விரியறது நிழல் தேடும். தாடி மாதிரி தொங்கறதை இந்த வெயில்ல எதிர்பாக்காத. அதுக்குக் கொடைக்கானலோ ஊட்டியோ போ. போனா எனக்கு ஒரு ஸ்வெட்டர்.

அந்தக் குப்பி என்னா? பொட்டாசியம் ஹைட்ராக்சைடா? இன்னொண்ணு ப்ளீச்சிங் தண்ணியா? ஓ, நிறம் பாக்கற சோதனை. மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா ஆலத்தி செவக்குது இல்ல, அதே கதைதான். ஒரு சொட்டு விட்டா ஒரு லைக்கன் மஞ்சளாவும், ஒண்ணு ரத்தமாச் செவக்கும், ஒண்ணு என்னா பண்ணாலும் கல்லுப்புள்ளையார் மாதிரி இருக்கும். 1866ல நிலாண்டர்னு ஒரு ஃபின்லாந்துக்காரர் பாரிஸ்ல உக்காந்துக்கினு தொடங்கி வச்சது. உங்க பள்ளிக்கூடத்து லிட்மஸ் காகிதம் இருக்குதே, அந்தச் சாயமும் ரொசெல்லாங்கற லைக்கன் கொடுத்ததுதான். அந்த வம்சத்துல ஒண்ணு நம்ம கிழக்குக் கடற்கரை மரங்கள்லயே தொங்குது. ஆலத்தி எடுக்கத் தெரிஞ்ச நமக்கு இது தோணாம போச்சு பாரு. கையுறை போட்டுக்க. போன குழுவுல ஒருத்தன் சட்டையில சோதனை பண்ணிக்கினு போனான், சட்டை என்னா இனம்னு கடைசி வரைக்கும் தெரியல.

அந்த நிலாண்டர் ஒரு முரட்டு ஆளு. ஷ்வெண்டனர் பேச்சைச் சாவற வரைக்கும் ஒத்துக்கல; 1899ல செத்தாரு. ஆனா ஒரு வேலை பண்ணாரு, அதுக்காக அவரை மன்னிச்சிடலாம். பாரிஸ் ஊருக்குள்ள லைக்கன் இல்ல. லுக்சம்பர்க் தோட்டத்துல மட்டும் நெறைய இருக்குது. ஏன்னு யோசிச்சாரு. காத்து சுத்தமா இருக்கற எடத்துலதான் இது குடியிருக்கும்னு அதே 1866ல எழுதினாரு. முப்பது வருசம் போச்சு, பாரிஸ் புகை பெருகிச்சு, அந்தத் தோட்டத்துலயும் எல்லாம் காணாம போச்சு. அவர் கண்ணாலயே பாத்தாரு. லைக்கனுக்கு வேரில்ல, வடிகட்ட மெழுகுத் தோலில்ல. பனி, மழை, காத்து எது கொண்டு வந்தாலும் நல்லது கெட்டது பாக்காம வாங்கி முழுங்கிடும். கந்தகப் புகைனா மொதல்ல பாசி சுருண்டுடும். சமைக்கிறவ படுத்துட்டா வீடு என்னா ஆவும்? இங்கிலாந்துல 1970ல ஹாக்ஸ்வொர்த், ரோஸ்னு ரெண்டு பேர் எந்த லைக்கன் இருக்குதுனு பாத்தே காத்துக்குப் பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் மார்க்கு போட்டாங்க. 1986ல செர்னோபில் வெடிச்சப்போ வடக்கே லைக்கனைத் தின்ன கலைமானுங்க உடம்பெல்லாம் கதிர்வீச்சு ஏறி, கறியைத் தின்ன முடியாம கொட்டினாங்க. மிஷின் வாங்க டெண்டர் விடறதுக்குள்ள லைக்கன் ரிப்போர்ட்டே குடுத்துடும், கையெழுத்துதான் போடத் தெரியாது.

இப்ப நீங்க செய்யற பெரிய தப்புக்கு வர்றன். காலையில இருந்து பாத்துக்கினு இருக்கறன். பொண்ணு பாக்க வந்த வீட்டுக்காரன் மாதிரி செவப்பா, அழகா, திட்டு திட்டா இருக்கற பாறையாப் பாத்துப் போய் நிக்கறீங்க. எண்ணறதுக்குக் கொண்டு வந்த சதுரச் சட்டத்தை அங்கயே வச்சு, அங்கயே படம் எடுத்து, "ஆகா, இந்த மலையில லைக்கன் அமோகம்"னு எழுதிடுவீங்க. திருவிழா அன்னிக்கு வந்துட்டு ஊர் தினமும் இப்பிடித்தான்னு எழுதற கதை அது. அப்பிடிப் பண்ணாத. கண்ணை மூடிக்கினு குச்சியை எறி. விழுந்த எடத்துல சட்டத்தை வையி. முள்ளுக்குள்ள விழுந்தா முள்ளுக்குள்ள போ. சாணி மேல விழுந்தா... அப்ப இன்னொரு தடவை எறிஞ்சுக்க, அது மட்டும் நான் பாக்காத மாதிரி இருக்கறன்.

வெறும் பாறை வந்தா வெறும் பாறைனு எழுது. அதுதான் யாரும் எழுத மாட்டேங்கறாங்க. "ஒண்ணும் இல்ல"னு எழுதினா வாத்தியார் திட்டுவாருனு பயம். அந்தப் பூஜ்யம்தான்டா எனக்கு வேணும். நான் சின்னப் பையனா ஆடு ஓட்டினப்போ இந்த வடக்குச் சரிவு பூரா தேமல் பூத்துக் கிடக்கும். மழை வந்தா பச்சையும் ஆரஞ்சுமா மினுக்கும், ஆடுங்க நக்கிப் பாக்கும். இப்ப சுத்துவட்டாரத்துல கருங்கல்லு உடைக்கற எந்திரம் ராத்திரியும் பகலும் ஓடுது. சாயங்காலம் காத்து அடிச்சா மா மில்லுல நின்ன மாதிரி புருவமெல்லாம் வெள்ளை. பாறைக்கும் அதே வெள்ளை. அந்தப் பவுடர்தான் காரணம்னு நான் சொல்லல. எனக்கு என்னா தெரியும், நான் ஆடு மேய்ச்சவன். பவுடர் பக்கம் நூறு சட்டம், பவுடர் எட்டாத பக்கம் நூறு சட்டம், அதே மணக்கல்லு, அதே திசை பாத்து வச்சு நீங்க எண்ணிச் சொல்லுங்க. நான் மனு குடுத்தா கெழவன் உளர்றான்னு மடிச்சு வைப்பாங்க. உங்க பூஜ்யத்துக்குப் பக்கத்துல உங்க நிறுவனம் முத்திரை குத்தும்.

உளியும் சுத்தியும் எட்டிப் பாக்குதே பையில. உள்ள வையி. ஓட்டு வகையைக் கல்லோட பேத்துதான் எடுக்கணும்னு எனக்கும் தெரியும். வெளிய, அனுமதி இருக்கற பாறையில, ஒரு இனத்துக்கு ஒரு சின்னச் சில்லு, கண்ணுக்குத் தெரியாத ஓரத்துல. அவ்வளவுதான். கல்மரத்துக்கிட்ட மட்டும் உளியோட போவாத. அது புவியியல் துறை பாதுகாக்கற எடம். காவல்காரர் என் கூடப் படிச்சவன் மகன். பை தூக்கினதுக்கு என்னையும் சேத்து உக்கார வச்சிடுவான்.

அதுக்கும் மேல, அந்தத் திட்டு உன்னைவிட மூத்ததா இருக்கலாம் தம்பி. ஓட்டு வகையில பல இனம் வருசத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இருக்கறதை நீ அரை நிமிசத்துல பேத்துடுவ, அது அந்த அகலம் வர்றதுக்குள்ள நீ பொறந்து, பள்ளிக்கூடம் போயி, அரியர் வச்சு, அதையும் எழுதி முடிச்சிருப்ப. ஆல்ப்ஸ் மலையில பெஷெல்னு ஒருத்தர் 1950கள்ல லைக்கனோட விட்டத்தை அளந்து, பனியாறு எப்ப பின்வாங்கிச்சுனே கணக்குப் போட்டாரு. உடனே நீயும் ஸ்கேலை எடுத்து அதே கணக்கை இங்க போட்டுடாத. ஊருக்கு ஊர் வட்டி வேற. இந்த ஊர்ல வளர்ற வேகம் தெரியணும்னா ஒரே திட்டைப் படம் எடுத்து, அடுத்த வருசம் வந்து, அதுக்கும் அடுத்த வருசம் வந்து அளக்கணும். நீங்க வருவீங்களா? வர்றோம்னுதான் எல்லாரும் சொல்லிட்டுப் போனாங்க.

சிரிக்காதம்மா, நானும் சாமர்த்தியசாலி இல்ல. முப்பது வருசத்துக்கு முந்தி எங்க தென்னை மரத்துல வெள்ளை வெள்ளையா திட்டு வந்துட்டுதுனு பயந்து, தேங்காய் நாரை வச்சு எட்டு மரத்தையும் மூணு நாள் தேய்ச்சன். மரத்துக்குச் சொறி பிடிச்சிருக்குதுனு ஒருத்தன் சொன்னான், நம்பினன். அது லைக்கன், மரத்துல இருந்து ஒண்ணும் எடுக்காது, சும்மா முதுகுல உக்காந்திருக்குதுனு அப்புறந்தான் தெரிஞ்சுது. தேய்ச்சதுல ஒரு தேங்காய்கூட அதிகமாக் காய்க்கல. எனக்குத்தான் தோள்பட்டை எறங்கிப்போச்சு.

சரி, வெயில் சாயுது. இன்னிக்கு நீங்க எண்ணினது போதும். காஞ்சுபோன நேரத்துல வந்தா பாதி ஆளு தூங்கறான். ஐப்பசி மழை ரெண்டு விழட்டும், கார்த்திகையில விடியக்காத்தால வாங்க. பனியில எல்லாம் முழிச்சுக்கினு இருக்கும், பொய் சொல்லத் தெரியாது. குச்சி நான் வெட்டி வைக்கிறன். வரும்போது அண்ணாச்சி கடையில அம்பது கிராம் கல்பாசி வாங்கிக்கினு வாங்க, கோழி நம்ம வீட்டுது.